உன் பென்சில் கோடு விழாத பக்கம்

கோவில்பட்டி
19.1.2025

அன்புள்ள முத்து,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் பரவாயில்லை, சர்க்கரைதான் சொன்ன பேச்சு கேட்க மாட்டேன் என்கிறது. டிசம்பர் மழை நன்றாகப் பயமுறுத்திவிட்டுப் போனது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்திருக்கிறதே, பார்த்தாயா என்று பொங்கலன்று நீ போனில் கேட்டபோது, "அதையெல்லாம் நான் பார்ப்பேனா?" என்றேனே, அது பச்சைப் பொய். அப்போதே ஐந்து பாகம் முடித்திருந்தேன். பக்கத்தில் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்த உன் தங்கச்சி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வையை நாலைந்து தடவைதான் வாங்கியிருக்கிறேன்.

2019 மார்ச்சில் செய்தி வந்த அன்று பூசாரி கடையில் நாம் மூவரும் சபதம் போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? "மார்க்கேஸ் உயிரோடு இருந்தவரை எந்தச் சினிமாக்காரனுக்கும் கொடுக்காத நாவலை மகன்கள் தூக்கி நெட்ஃபிளிக்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள், செத்தாலும் பார்க்க மாட்டோம்" என்று. நீதான் ரொம்பத் துள்ளினாய். டீக்காசும் என்னைத்தான் கொடுக்க வைத்தாய். போன மாதம் 11ஆம் தேதி படம் வந்துவிட்டது. முதல் எட்டுப் பாகம் வந்திருக்கிறது, இன்னும் எட்டு வர வேண்டும். பூசாரி பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "மாயமே இல்லைடா, வெறும் செட்டு" என்று அணைத்துவிட்டானாம். நான் ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும், சீரியல் முடிந்துபோன கோபத்தில் இருந்த உன் தங்கச்சி, "உங்க ஆளு படம் ஏதோ வந்திருக்காமே, அதையாவது போடுங்க" என்றாள். அவள் கேட்டாளே என்று போட்டேன். இப்படித்தான் நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முதல் பாகத்திலேயே மானம் போயிற்று. உனக்குத் தெரியும், நாவல் எடுத்த எடுப்பில் துப்பாக்கிப் படைக்கு முன்னால் நிற்கும் கர்னல் அவுரேலியானோவில் தொடங்கி, சின்ன வயதில் அவன் பார்த்த பனிக்கட்டிக்குப் போய், சுற்றி வளைத்துத்தான் அவனுடைய அப்பா ஹோசே அர்க்காதியோ, அம்மா உர்சுலா கல்யாணக் கதைக்கு வரும். படத்தில் இடிந்த வீட்டையும் கடைசிப் பேரன் ஏடு படிப்பதையும் கொஞ்சம் காட்டிவிட்டு, நேரே கல்யாணத்துக்குப் போய்விடுகிறார்கள். அதிலிருந்து எல்லாம் வரிசைக்கிரமம்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. சிக்காகக் கிடப்பதுதானே அந்தத் தலைமுடிக்கு அழகு, இவர்கள் எண்ணெய் வைத்து வாரி இரட்டைச் சடை போட்டுவிட்டார்களே என்று புலம்பினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. உர்சுலாவின் அம்மா மகளைப் பயமுறுத்துவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமன் மகனையோ அத்தை மகனையோ கட்டினால் பிள்ளைக்குப் பன்றி வால் முளைக்கும் என்ற பயம். கீழே ஓடிய ஆங்கில வரியை இரண்டு தடவை நிறுத்தச் சொல்லிப் படித்தாள்.

"முறைப்பையனைக் கட்டினா வாலா? நம்ம ஊர்ல கட்டலைன்னாதானே வெட்டுக்குத்து?"

அத்தை மகளைக் கட்டியவன் என்ன பதில் சொல்வது? 1988இல் பெரியவன் பிறந்தபோது நீ ஒரு அஞ்சலட்டை போட்டாயே, ஒரே வரியில். அந்த வரிக்கு இன்று வரை அவளுக்கு அர்த்தம் தெரியாது. முப்பத்தாறு வருஷம் கழித்து அன்று ராத்திரி பதினொரு மணிக்குத் தெரிந்துகொண்டாள். நீ இந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக வா.

பெயர்க் குழப்பமும் அவளுக்கு வரவே இல்லை. நாம் அந்தக் காலத்தில் வம்ச வரைபடத்தை ஒரு தாளில் பிரதி எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, எந்த அவுரேலியானோ, எந்த அர்க்காதியோ என்று விரல் வைத்துப் படித்தோம். இவள், "பேரன்னா பெயரன்தானே, தாத்தா பேரைத்தான் வைப்பாங்க, இதுல என்ன குழப்பம்?" என்று போய்க்கொண்டே இருந்தாள். அவள் வீட்டில் மட்டும் ஆறு சுப்பையா. மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று அத்தனை பேருக்கும் வேறு வேறு செல்லப் பெயர். கதை நடக்கும் மகோந்தோ ஊரில் அந்த ஏற்பாடு இல்லாததுதான் பிரச்சினை என்பது அவளுடைய தீர்ப்பு.

நியாயமாகச் சொன்னால் படம் மோசமில்லை, முத்து. கொலம்பியாவிலேயே, ஸ்பானிஷிலேயே எடுத்திருக்கிறார்கள். ஊரையே கட்டியிருக்கிறார்கள். முதலில் மண் குடிசைகள், அப்புறம் காரை வீடுகள் என்று ஊர் வளர்வது கண்ணுக்குத் தெரிகிறது. கொலம்பியர்கள் "எங்கள் ஊர், எங்கள் பேச்சு" என்று நெகிழ்ந்துபோனார்கள் என்று படித்தேன். நாவலை அளவுக்கு மீறி அடியொற்றிப் போகிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சரி என்று பட்டது. மூத்த உர்சுலாவாக வருகிற மர்லேய்தா சோத்தோ என்ற அம்மாளின் முகத்தை மறக்க முடியவில்லை. கர்னலைப் பற்றி உன்னிடம் ஒன்றும் சொல்லப்போவதில்லை, நீ உன் சபதத்தைக் காப்பாற்று.

உர்சுலா மிட்டாய் செய்கிறாள் அல்லவா, சீனிப்பாகில் சேவலும் மீனுமாக வார்த்துக் குச்சியில் செருகி? அதைப் பார்த்ததும் இவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நம்ம சவ்வு மிட்டாய்க்காரர் மாதிரி!" பள்ளிக்கூட வாசலில் மூங்கில் கழியில் பொம்மையைக் கட்டிக்கொண்டு வந்து, கையில் வாட்ச் கட்டிவிடுவாரே, அவர். அப்புறம் கணக்கு டீச்சர் வேலையை ஆரம்பித்துவிட்டாள். அந்த வீட்டில் புருஷன் காந்தம், ரசவாதம் என்று இருந்த காசைக் கரைக்கிறான், மூத்தவன் ஜிப்சிகளோடு போய்விட்டான், இளையவன் பட்டறையில் தங்க மீன் தட்டுகிறான். வீடு பெரிதாகிக்கொண்டே போகிறதே, அந்தக் காசு எங்கிருந்து வந்தது? "மிட்டாய்ல வந்தது. இதை நீங்க ஒருநாளும் என்கிட்ட சொன்னதில்லையே. ஐஸைப் பத்திதானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க?" கடலை மிட்டாய் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த நாவலில் ஒரு மிட்டாய் வியாபாரம் நடக்கிறது என்பது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை.

இதெல்லாம் சிரிப்பு. நான்காம் பாகத்தில் சிரிப்பு நின்றது.

ரெமேதியோஸைத்தான் சொல்கிறேன். நாவலில் அவுரேலியானோ ஆசைப்படும்போது அவளுக்கு ஒன்பது வயது. இன்னும் படுக்கையை நனைக்கிற பிள்ளை. பெரியவளாகட்டும் என்று காத்திருந்து கட்டிவைக்கிறார்கள். நாம் அதை எப்படிப் படித்தோம்? குளியலறைச் சுவரிலும் தன் கைத் தோலிலும் அவன் அவளுக்காகக் கவிதை எழுதுவதை நீ திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டினாய். நான் கண்ணை மூடிக் கேட்டேன். பெண் கேட்டுப் போகிற காட்சி வந்ததும் உன் தங்கச்சி என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தாள்.

"இது மாயமா? நம்ம ஆச்சி கதை."

அவளுக்கும் எனக்கும் ஒரே ஆச்சி, உனக்குத் தெரியும். கல்யாணத்தன்று ஆச்சிக்குப் பத்து வயது. குழந்தைக் கல்யாணத்தைத் தடுத்த சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது, அதற்குச் சில வருஷம் முந்தைய கல்யாணம். மாமியார் வீட்டுக்குப் போகும்போது பல்லாங்குழியைத் தூக்கிக்கொண்டு போனாள் என்றும், ராத்திரி அம்மாவைக் கேட்டு அழுதால் மாமியார் சோழி கொடுத்துத் தூங்கவைப்பாள் என்றும் ஆச்சியே சிரித்துக்கொண்டு சொல்வாள். நாங்களும் சிரித்திருக்கிறோம். அது சிரிக்கிற கதை என்றுதான் வைத்திருந்தோம்.

"பதினஞ்சு வயசுல ரெண்டு பிள்ளையைப் புதைச்சிருக்கா ஆச்சி. நீங்க திண்ணையில உக்காந்து மாய யதார்த்தம் பேசிக்கிட்டிருந்தப்போ உள்ளே முறுக்குச் சுத்திக்கிட்டு இருந்தது அந்தப் பொண்ணுதான்."

நான் வழக்கமான வக்கீல் வாதத்தை எடுத்தேன். எழுத்தாளர் அதை நியாயப்படுத்தவில்லை, அந்தக் காலம் அப்படி, அந்தப் பெண் செத்ததும் வீடே இருண்டுபோகிறதே என்றெல்லாம். "எழுதினவரைச் சொல்லலை, படிச்சவங்களைச் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் டிவி பக்கமே வரவில்லை. எனக்குக் காபி வந்தது, பேச்சு வரவில்லை.

அந்த இரண்டு நாளும் என்னை வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. ஹோசே அர்க்காதியோவுக்குப் புத்தி பேதலித்து, பத்து பேர் பிடித்து, பதினான்கு பேர் கட்டி, இருபது பேர் இழுத்துக்கொண்டு போய்ச் செஸ்ட்நட் மரத்தடியில் பிணைப்பார்களே, அந்த எண்களை நீ தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய். நானும்தான். மரத்தடியில் அவர் கட்டுண்டு கிடப்பதைத் திரையில் பார்த்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கட்டிப் போட்டுட்டாங்க, சரி. தினமும் சோறு யாரு போட்டா? குளிப்பாட்டினது யாரு?"

எனக்குத் தெரியவில்லை, முத்து. எத்தனை தடவை படித்திருக்கிறேன், அவர் லத்தீனில் பேசியது தெரியும், பாதிரியாரோடு வாதாடியது தெரியும், அவர் செத்த அன்று மஞ்சள் பூ மழை பெய்து தெரு மூடிப்போனது தெரியும். சோறு போட்டது யார் என்று தெரியவில்லை. உர்சுலாவாக இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டேன்.

2013இல் காலச்சுவடு போட்ட தமிழ்ப் பிரதி பூசாரியிடம் போனது போனதுதான். அதனால் பரணில் ஏறி (முழங்காலோடு!) உன்னுடைய பழைய ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். ஆமாம், நீ தொலைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பது என்னிடம்தான் இருக்கிறது. கோபப்படாமல் மேலே படி. ராத்திரி முழுக்கத் தேடினேன். கல்யாணமாகி வந்த ரெமேதியோஸ்தான். அந்தக் குழந்தைதான் மரத்தடிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள், அவர் தேவைகளைக் கவனிக்கிறாள், சோப்பும் பிரஷும் கொண்டு தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள், தலையிலும் தாடியிலும் பேனும் ஈரும் அண்டாமல் பார்த்துக்கொள்கிறாள். எல்லாம் ஒரே பத்தியில் வந்து போகிறது. சீக்கிரமே வயிற்றில் இரட்டைப் பிள்ளைகளோடு அவள் செத்தும் போகிறாள். அவள் போட்டோவுக்கு முன்னால் உர்சுலா அணையாத விளக்கு வைக்கிறாள். பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு, கொள்ளுப்பாட்டி என்று சொன்னால் அந்தச் சின்னப் பெண் முகத்தோடு பொருத்திப் பார்க்கவே முடியவில்லை.

அந்தப் புத்தகம் முழுக்க உன் பென்சில் கோடுகள். பனிக்கட்டிக்கு இரண்டு கோடு, பறக்கும் கம்பளத்துக்கு நட்சத்திரம், ஜிப்சிக் கிழவன் மெல்கியாதெஸ் வருகிற இடமெல்லாம் ஆச்சரியக்குறி. ஓரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது, உன்னோடு சண்டை போட்டு எழுதியது. நான் சொன்ன அந்தப் பக்கத்தில் மட்டும் கோடு இல்லை. ஒரு சாம்பார்த் துளி இருக்கிறது. காய்ந்து பழுப்பேறி, பின்பக்கமும் ஊறியிருக்கிறது.

அது எந்த ராத்திரி என்று யோசித்தேன். எதுவாகவும் இருக்கலாம். வாரத்தில் மூன்று நாள் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் எல்லோரும் எங்கள் திண்ணையில்தான். உள்ளேயிருந்து தோசை வந்துகொண்டே இருக்கும். நீ "அம்மா, இன்னொண்ணு முறுகலா" என்று குரல் கொடுப்பாய். அம்மாவின் முகத்தை அந்த நேரத்தில் நாம் பார்த்ததே இல்லை, கை மட்டும்தான் வாசல் நிலைக்கு வெளியே வரும். அம்மா போய் வருகிற மாசியோடு ஒன்பது வருஷம் ஆகிறது. நம் பேச்சில் ஒரு வார்த்தையாவது அவள் காதில் விழுந்திருக்குமா, விழுந்ததைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்டதில்லை. நீயாவது கேட்டிருக்கிறாயா? நிஜமாகவே கேட்கிறேன், பதில் போடு.

மூன்றாம் நாள் காலையில் அந்தப் பத்தியை உன் தங்கச்சிக்குத் தமிழில் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. "மீதியைப் போடுங்க" என்றாள். பொங்கல் வேலை ஓய்ந்ததும் எட்டாம் பாகம்வரை பார்த்து முடித்தோம். இப்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தினமும் சாப்பிட்டபின் நான் ஐந்தாறு பக்கம் வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டும், கணக்கு டீச்சர் முன்னால் வீட்டுப்பாடம் ஒப்பிப்பது மாதிரி. முந்தாநாள் அந்த ரத்தம் ஓடுகிற இடம் வந்தது. செத்தவனின் ரத்தம் கதவிடுக்கு வழியாகத் தெருவில் இறங்கி, மூலை திரும்பி, கம்பளம் நனையாமல் சுவரோரமாகவே போய், உர்சுலாவின் அடுக்களைக்கு வந்து நிற்குமே, நாம் மனப்பாடமாகச் சொல்வோமே, அது. குரலை ஏற்றி இறக்கி நன்றாகவே வாசித்தேன். அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"அப்ப அவ என்ன செஞ்சுகிட்டு இருந்தா?"

பார்த்துச் சொன்னேன், ரொட்டிக்கு முப்பத்தாறு முட்டை உடைக்கப் போனாள் என்று.

"முப்பத்தாறா! எத்தனை பேருக்கு?"

இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

புத்தகம் இப்போதைக்கு உனக்குத் திரும்பி வராது, அவள் முடிக்கட்டும். நீ படத்தைப் பார்த்துவிட்டாய் என்று எனக்குச் சந்தேகம்தான், பொங்கலன்று உன் குரலும் சரியில்லை. பார்த்திருந்தால் உன் வீட்டில் கோமதி என்ன சொன்னாள் என்று எழுது. நீ நினைத்ததை எழுத வேண்டாம், அது எனக்குத் தெரியும். கடலை மிட்டாய் இரண்டு கிலோ தனியாக அனுப்பியிருக்கிறேன், பேத்திக்கு.

அன்புடன்,
சிவா

பி.கு: அந்த அஞ்சலட்டை விஷயமாக உன் தங்கச்சி உனக்குத் தனியாக எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.