நாசிக் ஒயின் தோட்ட வழிகாட்டிகளுக்கு ஒரு மடல்

நாசிக் திராட்சைத் தோட்டங்களில் ருசி பார்க்க வருவோருக்கு விளக்கம் சொல்லும் நண்பர்களே, வணக்கம்.

போன பிப்ரவரியில் உங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்திருந்தேன். பெயர் வேண்டாம். சுற்றிக் காட்டிய தம்பி பிரான்ஸின் ஒயின் ஊர்களைப் பற்றிப் பேசினார்: போர்தோவின் சரளை மண்ணைப் பற்றிப் பேசினார், ஷாப்லியின் சுண்ணாம்புப் பாறையில் புதைந்த சிப்பிகளைப் பற்றியும் பேசினார். காலடியில் கிடந்த கறுப்புக் கல்லைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் கோப்பையை நீட்டி, "கல்லோட ருசி தெரியுதா சார்?" என்றார்.

நான் கம்பத்துக்காரன். வீட்டில் பன்னீர் திராட்சைப் பந்தல். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்குவதுபோல் எங்கள் ஊரில் கொடி தூங்குவதே இல்லை. கவாத்து செய்தால், அதாவது கிளையை வெட்டிவிட்டால், காய்க்கும், இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடைகூட எடுப்போம். பனி கொட்டாத ஊரில் ஒயின் திராட்சையை எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்கத்தான் அங்கே வந்தேன். "ரெண்டு தடவை வெட்டுவோம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாட்டிலுக்குப் போய்விட்டார்.

அட, கதையே அதுதானே! ஏப்ரல் கவாத்து காய்க்காக இல்லை. அதன்பின் வரும் கிளைகளில்தான் அடுத்த காய்ப்புக்கான மொட்டு உருவாகிறது. மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் மறுபடி வெட்டினால் கொத்து வருகிறது, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பழுக்கிறது. பிரான்ஸில் பழம் பறிக்கிற மாதத்தில் நீங்கள் கத்திரியை எடுக்கிறீர்கள். மழைக்காலத்தில் காய் பிடித்தால் அடிச்சாம்பல் நோயும் அழுகலும்தான் மிஞ்சும். சுமார் 600 மீட்டர் உயரம் என்பதால் குளிர்கால இரவுகள் குளுகுளுவென்று இருக்கும், பழத்தின் புளிப்பு சட்டென்று கரைந்துபோகாது.

அப்புறம் அந்தக் கல். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு அது. வேர் அதன் ருசியை உறிஞ்சிக் கோப்பையில் ஊற்றுவதில்லை. மண் செய்கிற வேலை பெரும்பாலும் தண்ணீரை வைத்துத்தான். ஆழமான கரிசல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கொடி இலையாகத் தழைக்கும், பழம் நீர்த்துப்போகும். சரிவில் உடைந்த கல் கலந்த மண் நீரை வடியவிடும். அங்கே பழம் சின்னதாக இருக்கும், சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடும். நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலும் விதையிலும்தானே இருக்கின்றன.

தோட்டத்து ஓரமாக ஆளுயரக் குழி ஒன்று வெட்டிவையுங்கள். கரிசலில் ஒன்று, சரிவில் ஒன்று என்றால் இன்னும் நல்லது. இரண்டிலும் இறங்கிப் பார்த்தபிறகு அந்தந்த மண்ணின் ஒயினை ஊற்றுங்கள்.

அக்டோபரில் மறுபடி வருகிறேன். அப்போது பார்க்கப் பழம் இருக்காது, தெரியும். கவாத்துக் கத்திரி பிடிக்கிறவர் யாரையாவது அரை மணி நேரம் பேசவிட்டால் போதும்.

அன்புடன்,
ஒரு பன்னீர் திராட்சைக்காரன்