அந்த ஒரு நாள் இடைவெளி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மகள் கல்லூரிக்குப் போனபின் வீடு வெறிச்சென்று இருப்பதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு கனத்துவிட்டது. அவள் எப்படி இருக்கிறாள்?

நான் ஹபிள் தொலைநோக்கி எடுத்த புறஊதா நிறமாலைகளில், அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளிப்பதிவுகளில், மூழ்கிக் கிடக்கிறேன். முன்பு போனில் சொன்னேனே, இளம் விண்மீன்களுக்கான யுலிசீஸ் திட்டம், அதுதான். ஹபிள் பூமியைச் சுற்றுவதில் ஏறத்தாழ 1000 சுற்றுகளை இதற்கென்றே ஒதுக்கி, 2020-இல் தொடங்கி 2023 டிசம்பரில் முடித்தார்கள். பாதி நேரம் மெகல்லன் மேகங்கள் போன்ற அண்டை விண்மீன் மண்டலங்களின் பெரிய விண்மீன்களுக்குப் போனது. மறுபாதி டி டௌரி எனப்படும், இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற இளம் விண்மீன்களுக்கு. என் மனசு இவற்றில்தான்.

“ஒரு விண்மீனை ஒரு தடவை பார்த்தால் போதாதா?” என்று கேட்டிருந்தாய். போதாது.

இந்த விண்மீன்களுக்குச் சில மில்லியன் வயதுதான். சுற்றிலும் வாயுவும் தூசியுமாக ஒரு வட்டு. காந்தப்புலம் குறுக்கே நிற்பதால் வட்டு விண்மீனைத் தொடுவதில்லை. வாயு காந்தக் கோடுகளின் வழியே வினாடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து மோதுகிறது. மோதிய இடம் கொதித்துப் புறஊதாவில் ஒளிர்கிறது. அந்த ஒளியை நம் காற்றுமண்டலம் கீழே விடாது. அதனால்தான் மேலே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் தினமும் பார்ப்பது நிறமாலையில் 1548, 1550 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) இடங்களில் வரும் கார்பனின் இரட்டைக் கோடுகளை. வாயு ஒரு லட்சம் டிகிரி அளவுக்குச் சூடானால்தான் இவை தோன்றும். கோடு என்றாலும் ஊசிபோல இருப்பதில்லை. பல விண்மீன்களில் உச்சி கூர்மையாக இருக்க, சிவப்புப் பக்கம், அதாவது அலைநீளம் கூடும் பக்கம், ஒரு வால் நீள்கிறது. நம்மைவிட்டு விலகி விண்மீனை நோக்கி விழுகிற வாயு அது. முதல் தடவை அதைத் திரையில் பார்த்தபோது கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஜிஎம் ஆரிகே என்ற விண்மீன் சுமார் ஆறு நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது. அதன் புறஊதா ஒளி உச்சத்துக்கு வந்து ஒரு நாள் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளி உச்சத்துக்கு வந்தது. வானியலாளர் கேத்தரின் எஸ்பையாவின் குழு 2021-இல் இதை வெளியிட்டது. மோதும் இடம் முழுக்க ஒரே அடர்த்தியாக இல்லை. அடர்ந்த பகுதி முதலில் நம் பக்கம் திரும்புகிறது, மற்றது பின்னால் வருகிறது. ஒரே ஒரு நிறமாலையில் இது எப்படித் தெரியும்? யுலிசீஸிலும் ஜிஎம் ஆரிகே, டிடபிள்யூ ஹைட்ரே, ஆர்யூ லூபி, பிபி டௌரி என நான்கை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், திட்டத்தின் உயிரே அந்த நான்கில்தான் இருக்கிறது.

ஹபிளுக்கும் வயதாகிறது. 2009-இல் பொருத்திய புறஊதாக் கருவியில் ஒளி விழுந்து விழுந்து உணரி தேய்வதால், விழும் இடத்தை அவ்வப்போது நகர்த்துகிறார்கள். அது முழுக்கத் தேய்வதற்குள் இன்னும் இரண்டு விண்மீன்களையாவது இப்படித் தொடர்ந்து பார்க்க மாட்டார்களா என்று ஏங்குகிறேன்.

ஜிஎம் ஆரிகேயின் கோடுகளைத் தேதிவாரியாக ஒன்றன்மேல் ஒன்று போட்டு ஒரு படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புப் பக்கத்து ஓரத்தைப் பார்த்துவிட்டு, உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. அப்புறம், முதுகுவலி எப்படி இருக்கிறது என்பதையும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்