கிட்னி ஸ்கான் வாசிக்கப் பழக்கும் மென்பொருள்: அறிவியல் நகருக்கும் பம்பைமடுவுக்கும் ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் கணினி படிப்பிக்கிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் வன்னியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் வைத்திய அதிகாரி. கதிரியக்க நிபுணர் அல்ல. எங்களிடம் இருப்பது ஒரு அல்ட்ராசவுண்ட் மெஷினும், அதைப் பிடித்துப் பிடித்துப் பழகிய கையும்தான்.

கொஞ்ச நாளைக்கு முன் கணினி படிக்கிற பிள்ளைகள் சிலர் மடிக்கணினியோடு என்னிடம் வந்தார்கள். சி.டி. படத்தைக் கொடுத்தால் கிட்னியில் கட்டி இருக்கும் இடத்தில் சிவப்புப் பெட்டி போட்டுக் காட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்திருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். "இது உங்களுக்குப் பிரயோசனப்படுமா டொக்டர்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். தேநீர் கொடுத்து, "நல்லாயிருக்கு, பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரிந்திருக்கும். பதிலை இப்போது எழுதுகிறேன்.

அவர்கள் பாவித்தது கிட்ஸ்19 என்ற தரவுத் தொகுப்பு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்டது. 300 நோயாளிகளின் சி.டி. படங்கள், அதில் 210 பேருடையது பழக்குவதற்கு, 90 பேருடையது பரீட்சைக்கு. அருமையான வேலைதான். ஆனால் அந்த 300 பேரும் கட்டி என்ற சந்தேகத்தில் சத்திரசிகிச்சைக்குப் போனவர்கள். ஒவ்வொரு படத்திலும் கட்டி இருக்கிறது. எங்கள் வாங்கில் துண்டோடு காத்திருப்பவர்கள் அப்படியானவர்கள் இல்லை. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிட்னியில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்பதைத் தைரியமாக எழுதத் தெரிவதுதான் எங்களுக்குப் பெரிய பாடு.

நாரி நோ என்றாலே கிட்னி என்று சனம் பயப்படுகிறது. பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1990களில் பதவியா, மதவாச்சிப் பக்கம் விவசாயிகளிடம் கண்டுபிடிக்கப்பட்ட, காரணம் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் இன்று வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறது. பதவியா எங்கள் எல்லைதானே. சீனி வருத்தம் இல்லை, பிறஷர் இல்லை, சலத்தில் புரதமும் பெரிதாகப் போகாது. ஆனாலும் கிட்னி மெல்ல மெல்லப் பழுதாகும். தண்ணீர், புளோரைட்டு, வயலுக்கு அடிக்கும் மருந்து, வெயிலில் உடம்பு வற்றுவது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன, முடிவு இன்னும் இல்லை. இந்த நோயின் தொடக்கத்தில் ஸ்கான் ஒன்றையும் காட்டாமல் விடலாம். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியட்டினின் இரத்தத்தில் ஏறுவதுதான் முதலில் சொல்லும். கிட்னி சுருங்கி, படத்தில் வெள்ளையாகத் தெரியும் காலம் வரும்போது நோய் தூரம் போய்விட்டிருக்கும். ஆக, ஸ்கானை வாசிப்பது என்பது படத்தை மட்டும் வாசிப்பது இல்லை.

என் பிழைகள் இரண்டைச் சொல்கிறேன். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலிருந்தே விளங்கும்.

நெல் வெட்டுக் காலத்தில் ஒரு ஐயா வந்தார். அடிவயிறும் பார்க்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடித்து அடக்கி வைத்திருக்கச் சொல்லியிருந்தோம். பார்த்தால் இரண்டு கிட்னியிலும் நடுப்பகுதி கொஞ்சம் அகன்று கறுப்பாக நிற்கிறது. "இரு பக்கமும் இலேசான ஹைட்ரோநெப்ரோசிஸ்", அதாவது சலம் சரியாக இறங்காமல் கிட்னியின் நடு அகன்றிருக்கிறது என்று எழுதிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். அங்கே பார்த்த டொக்டர் அவரை ஒண்டுக்குப் போய்வரச் சொல்லி, திரும்ப மெஷினை வைத்தாராம். ஒன்றும் இல்லை. நிரம்பிய சலப்பை கிட்னியை அப்படி அகட்டிக் காட்டும். பாடப் புத்தகத்தில் இருப்பதுதான், நானும் படித்ததுதான். ஐயாவுக்கு இரண்டு நாள் வெட்டுப் போச்சு. பிறகு ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தபோது கோபமே இல்லாமல் கேட்டார்: "என்னை ஒருக்கா ஒண்டுக்குப் போட்டு வரச் சொல்லியிருக்கலாமே, டொக்டர்?"

இரண்டாவது பிழை அதைவிட மோசம். கிட்னியின் வெளிப்பகுதி பக்கத்தில் இருக்கும் ஈரலைவிட வெள்ளையாகத் தெரியக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த விதி. ஒரு அம்மாவுக்குப் பார்த்தேன். கிட்னி ஈரலைவிடக் கறுப்பு. நீளமும் 9 சென்ரிமீற்றருக்குக் கிட்ட, வயதுக்குப் பரவாயில்லை. நோர்மல் என்று எழுதினேன். அடுத்த கிழமை கிரியட்டினின் ரிப்போட் வந்தபோது வெட்கமாகப் போய்விட்டது. அந்த அம்மாவுக்குக் கொழுப்பேறிய ஈரல். ஈரலே வெள்ளையாக இருக்கும்போது அதற்குப் பக்கத்தில் எந்தக் கிட்னியும் கறுப்பாகத்தான் தெரியும். அளவுகோலே கோணல் என்றால் அளந்து என்ன பயன்?

இந்த இரண்டு பிழையையும் சிவப்புப் பெட்டி போடும் மென்பொருள் தடுத்திருக்காது. அது பெட்டி போட்டால் நானும் சரி என்பேன், போடாவிட்டால் நானும் சும்மா இருப்பேன். மெஷின் சொன்னதற்குத் தலையாட்டப் பழகிய கண், மெஷின் பிழைவிடும் நாளில் உதவாது. எனக்கு வேண்டியது என் கண்ணைப் பழக்குகிற ஒன்று. பதில் சொல்லும் மென்பொருளை இப்போதைக்கு விடுங்கள். கேள்வி கேட்கும் மென்பொருள் ஒன்று செய்து தாருங்கள்.

இது புதுசும் இல்லை. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அண்ட்ரூ டெய்லர், ஏர்னெஸ்ட் கார்சியா குழுவினர் ரெனெக்ஸ் என்று ஒரு மென்பொருள் செய்தார்கள். அது அல்ட்ராசவுண்டுக்கு உரியது இல்லை. கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, கிட்னி அதை எடுத்து வெளியே விடுவதைப் படமாக்கும் ரெனோகிராம் என்ற ஸ்கானுக்கு உரியது. சல வழியில் அடைப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அனுபவசாலிகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை விதி விதியாக எழுதி, ஒவ்வொரு விதிக்கும் −1 முதல் +1 வரை ஒரு நிச்சய அளவு கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது, "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டால் அது காரணத்தைச் சொல்லும் என்பது. சர்வதேச அணுசக்தி முகவரகமும் இதே ஸ்கானுக்கு ஒரு மென்பொருளைச் செய்து இலவசமாகவே கொடுத்தது. அதைப் பற்றி 2011இல் வந்த கட்டுரை, வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் ஆய்வாளருக்கும் உதவும் கருவி என்றே அதை அறிமுகம் செய்கிறது. ஆசிரியருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

ரெனோகிராமுக்கு நான் அனுப்பியவர்கள் ஏ-9 வழியே கண்டிப் பக்கம் போய் வந்தவர்கள். இடையில் சலம் வரும் என்ற பயத்தில் பஸ்ஸில் ஏறும் நேரத்திலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். உடம்பு வற்றிப் போய்ப் படுத்தால் மருந்து கிட்னியைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். மருந்து இறங்குவதை வரைந்து காட்டும் கோடு அடைப்பு மாதிரித் தெரியும். சலம் கூட்டும் ஊசி போட்ட பின் பாதி மருந்து இறங்க 10 நிமிடத்துக்குக் குறைவாக எடுத்தால் அடைப்பில்லை, 20ஐத் தாண்டினால் அடைப்பு என்ற கணக்கை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு, ஆள் எந்த பஸ்ஸில் வந்தார் என்பது எப்படித் தெரியும்? அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கப் பழக்கும் கருவிதான் எனக்கு வேண்டும்.

சரி, எப்படி இருக்க வேண்டும்? முதலில் நான் என் முடிவை எழுதாமல் அது வாயைத் திறக்கக் கூடாது. அசையாத படம் வேண்டாம், சில விநாடி வீடியோ வேண்டும். அல்ட்ராசவுண்ட் என்பது கை அசைய அசையத் தெரிவது. அளவெடுத்த சிலுவைக் குறிகள் உள்ள படங்களைத் தயவுசெய்து போடாதீர்கள். குறி எங்கே இருக்கிறதோ அங்கேதான் விஷயம் என்று எந்த மாணவனும் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவான், நானும்தான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திரையில் வையுங்கள். அதைக் கூட்டினால் எந்தக் கிட்னியும் வெள்ளையாகும் என்பதைத் தானே திருகிப் பார்த்தால்தான் மறக்காது. ஆளின் வயது, உயரம், கிரியட்டினின், கடைசியாக எப்போது ஒண்டுக்குப் போனார் என்பதை நான் கேட்டால் மட்டும் காட்ட வேண்டும். கேட்காமல் முடிவு எழுதினால் புள்ளி குறைய வேண்டும். (இந்த யோசனைக்கு மேலே சொன்ன ஐயாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.)

படங்களில் பெரும்பாலானவை நோர்மலாகவே இருக்கட்டும். பிறகு நோர்மல்தான், ஆனால் ஏமாற்றுகிறவை: கர்ப்பிணியின் அகன்ற வலது கிட்னி, சின்னப் பிள்ளையின் கிட்னியில் கறுப்பாகத் தெரியும் பிரமிட்டுகள் என்ற முக்கோண உட்பகுதிகள், இடது பக்கத்தில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு புடைப்பு. கல்லடைப்பும் புற்றுநோயும் அதற்குப் பிறகு வரட்டும். நான் பிழைவிட்ட வகையைக் கொஞ்ச நாள் கழித்து வேறு ஆளின் படத்தில் திரும்பக் காட்ட வேண்டும். இணையம் இல்லாமல் போனில் ஓட வேண்டும் என்பதை வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் கேட்பேன், இதைத்தான் நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு படத்தின் முடிவிலும் "நோயாளிக்கு என்ன சொல்வீர்கள்?" என்று தமிழில் ஒரு கட்டம் வேண்டும். ஹைட்ரோநெப்ரோசிஸ் என்பதை நாங்கள் அவசரத்தில் "கிட்னியில தண்ணி தேங்கி நிக்குது" என்று சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்ட ஒரு தம்பி, தேங்கினதுதானே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். கல்லுள்ள ஆள், உச்சி வெயிலில் மேசன் வேலை. "சலம் இறங்கிற பாதையில கல் தடுத்து, மேல வழி அகன்று போயிருக்கு, தண்ணியைக் குறைக்காதேங்கோ" என்று சொல்ல இன்னும் பத்து விநாடிதான் எடுத்திருக்கும்.

படங்களுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மெஷின் நோயாளியின் பெயரைப் படத்தின் மேலேயே பதித்துவிடும். கோப்பின் பெயரை மாற்றினால் போதாது, அந்தப் பகுதியை வெட்ட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிக் கவனத்தோடுதான் பார்க்கிறது. நோயாளியின் சம்மதம், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இரண்டும் இல்லாமல் ஒரு படமும் தர மாட்டேன். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியான பதில் எது என்பதை என்னை மாதிரி ஒருவர் தனியே முடிவு செய்யக் கூடாது, குறைந்தது இரண்டு நிபுணர்களாவது பார்க்க வேண்டும். அவர்கள் இருவரும் ஒத்துப்போகாத படங்களை எறிந்துவிடாதீர்கள். அதையும் உள்ளே வைத்து, இதில் பெரியவர்களே உடன்படவில்லை என்று எழுதிவிடுங்கள்.

சனிக்கிழமை கிளினிக் மத்தியானத்தோடு முடிந்துவிடும், மெஷின் சும்மா இருக்கும். மடிக்கணினி வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள். முதல் நாள் உங்கள் ஒவ்வொருவரின் கிட்னியையும் நீங்களே தேடிப் பிடியுங்கள். சாப்பாடு என் பொறுப்பு.

இப்படிக்கு,
வன்னியில் இருந்து ஒரு வைத்திய அதிகாரி