சேகருக்கு, ஸ்மோக்கர் சூடு பற்றி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள் என்பதை நம்பவே முடியவில்லை. வீட்டில் எல்லோரும் விசாரித்ததாகச் சொல்.

புது ஸ்மோக்கரில், அதுதான் கரிப் புகையில் கறியை மெல்ல வேகவைக்கும் அடுப்பில், சூடு 320 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறுகிறது, காற்றுத் துளைகளை அடைத்தால் 190க்கு விழுகிறது என்று எழுதியிருக்கிறாய். அடுப்பில் குறை இல்லை. சிம்னி (கரி பற்றவைக்கும் தகர உருளை) நிறையக் கரியைப் பற்றவைத்து ஒரேயடியாகக் கொட்டியிருப்பாய். அத்தனையும் கனன்ற பிறகு அடக்குவது பெரும்பாடு. ஜிம் மினியன் என்பவர் பெயரால் ஒரு முறை இருக்கிறது, அதன்படி செய். கரி வளையம் நிறையப் பற்றாத பிரிக்கெட்டை (அச்சில் அழுத்திய கரிக்கட்டி) போட்டு நடுவில் ஒரு குழி விடு. 15, 20 பிரிக்கெட்டை மட்டும் சாம்பல் பூக்கும்வரை பற்றவைத்து அந்தக் குழியில் கொட்டு. நெருப்பு ஒவ்வொன்றாகத் தொற்றிப் போகும். பல மணி நேரத்துக்குக் கரி போட வேண்டியிராது.

கறி வேகும்போது மேல் மூடியின் துளையை அடைக்கவே அடைக்காதே. புகை தேங்கினால் கறி கசக்கும். சூட்டைக் கீழ்த் துளைகளில்தான் பிடிக்க வேண்டும். மூன்றையும் திறந்து வைத்துத் தொடங்கு. நமக்கு வேண்டியது 225 முதல் 250 வரை. 200ஐத் தொட்டதுமே இரண்டை மூடி, மூன்றாவதைக் கால்வாசி விடு. 250 வரும்வரை காத்திருந்தால் அது 250இல் நிற்காது. பற்றிய கரி பற்றியதுதான். துளையை நகர்த்தியபின் 15 நிமிடம் கைகட்டிக்கொண்டு நில். உன்னால் முடியாத காரியம், தெரியும்.

மூடியைத் திறந்தால் வெப்பமானி முள் இறங்கும். உடனே கீழ்த் துளையைத் திறக்காதே. உள்ளே புகுந்த காற்று ஏற்கெனவே கரியை ஊதிவிட்டிருக்கும்; மூடிய சற்று நேரத்தில் சூடு தானே ஏறும். மூடியில் இருக்கும் முள்ளையும் ரொம்ப நம்பாதே. கறி இருக்கும் கம்பித் தட்டு மட்டத்தில் ஒரு டிஜிட்டல் புரோப் (சூடு காட்டும் ஊசி) மாட்டு.

கரிக்கும் கறிக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர்த் தட்டைப் பார்த்தாயா? தண்ணீர் 212க்கு மேல் போகாது, கொதித்து ஆவியாகிச் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். வற்றிவிட்டால் திடீரென ஏறும். உன் 320க்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நிரப்பும்போது வெந்நீர் ஊற்று, பச்சைத் தண்ணீர் சூட்டைச் சாய்த்துவிடும்.

புகை மணத்துக்குக் கரியோடு போடும் விறகு, மடக்கிய கை அளவுத் துண்டுகள் மூன்று நான்கு போதும். ஓக், ஹிக்கரி, ஆப்பிள் எதுவானாலும் காய்ந்ததாக இருக்கட்டும். ஊறவைத்தால் முதலில் ஆவிதான் வரும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் விறகு மூச்சுத் திணறுகிறது. அப்போது கறியை வைக்காதே. மெல்லிய நீலப் புகை வரட்டும். மெஸ்கீட் விறகு கடையில் மலிவாகக் கிடைக்கும், வாங்கிவிடாதே. நம்மூர்ச் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி அது. வெடுக்கென்று எரியும், புகை காரம். ஸ்டேக்குக்குச் சரி, பத்து மணி நேரக் கறிக்கு ஆகாது.

பிரிஸ்கெட்டின் (மாட்டு நெஞ்சுக்கறி) உள்சூடு 150, 160இல் மணிக்கணக்காக நகராமல் நின்றால் அடுப்பைக் குறை சொல்லிக் கரியை அள்ளிப் போடாதே. கறியின் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். பொறுமை இல்லையென்றால் புட்சர் பேப்பரில் (கறி சுற்றும் தடித்த தாள்) சுற்றி வை. 195க்கு மேல் போனதும் புரோபைக் குத்திப் பார். தடையில்லாமல் இறங்கினால் எடு.

துளைகள் திறந்திருந்தும் சூடு மெல்ல மெல்ல இறங்குகிறதென்றால் சாம்பல் அடைத்திருக்கும். நீளக் கம்பியால் கரித் தட்டை லேசாகத் தட்டு. பலமாகக் கிளறினால் சாம்பல் கறியில் ஏறும்.

மழை வந்தால் கராஜுக்குள் மட்டும் இழுத்துவிடாதே. கரிப் புகையில் கார்பன் மோனாக்சைடு. வாசம் காட்டாமல் ஆளைக் கொல்லும். வேலை முடிந்ததும் மேல் துளை உட்பட எல்லாவற்றையும் அடைத்துவிடு, மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு ஆகும். முதலில் பன்றித் தோள் போடு, கொழுப்பு அதிகம், சூடு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தாங்கும். பிரிஸ்கெட் பிறகு.

அன்புடன்,
முத்து