மலைப் பக்கம் சாயாதே

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகள் புலமைப்பரிசில் பாஸ் பண்ணிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பிள்ளையை ஒருநாளும் பார்த்ததில்லை, ஆனாலும் மறுநாள் கொழுந்து மடுவத்தில் எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டார். உன் முழங்காலுக்கு எண்ணெய் பூசியது போதும், டாக்டரிடம் காட்டு.

ஏப்ரலில் அங்கே பனிச்சறுக்கு சீசன் முடிந்ததும் வந்துவிட்டேன். ஜூன் கடைசி வரை தோட்டத்து லயத்தில்தான் இருப்பேன். "குசினியில் கோப்பை கழுவப் போனவன் எப்படிடா பனியில் வாத்தியார் ஆனாய்?" என்று கேட்டிருந்தாய். அம்மாவின் கேள்வி அதைவிடப் பெரிது: "பனி விழுந்தா கொழுந்து கருகிடுமே, அந்த ஊர்ல சனம் என்னத்தடா பறிக்குது?" அவர் அறிந்த பனி, தை மாசம் நுவரெலியா பக்கம் தேயிலையைப் பொசுக்குகிற பனி. இலங்கையிலேயே உயரமான மலை பிதுருதலாகலை, 2,524 மீட்டர் உயரம் இருந்தும் அங்கே விழுவது அதுதான். மூடுபனி, உறைபனி, பஞ்சுமாதிரிக் கொட்டுகிற பனி எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல். அம்மாவுக்கு விளங்கவைக்க ஒரு முழு இரவு போனது.

கதை சின்னது. ஹோட்டல் வேலைக்காரருக்குப் பனிமலையில் ஏற்றிவிடுகிற லிஃப்டுக்குப் பாஸ் சும்மா கிடைத்தது. லீவு நாளில் அறைக்குள் கிடப்பதற்குப் பதில் பழைய ஸ்னோபோர்ட் ஒன்றை, இரண்டு காலையும் பூட்டிப் பனியில் சறுக்குகிற ஒற்றைப் பலகையை, இரவல் வாங்கினேன். இந்தப் பைத்தியக்காரத்தனத்தைத் தொடங்கியவர் யார் தெரியுமா? 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர், மகள்மார் விளையாட இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார். 1998 நகானோ ஒலிம்பிக்கில் அதுவே பதக்க விளையாட்டாகிவிட்டது.

நான் மலைநாட்டான், சரிவு எனக்குப் புதிதா என்ற மண்டைக்கனத்தோடுதான் ஏறினேன். முதல் நாளே பிட்டம் வீங்கியது. இரண்டாம் வாரம் உள்ளங்கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு சுளுக்கியது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அடிபடுகிற இடமே மணிக்கட்டுதான். கையை நீட்டாமல், முஷ்டியை மடக்கி, முன்னங்கையில் விழவேண்டும். அதைத் தெரிந்துகொண்டது சுளுக்கிய பிறகு.

காரணம் பிடிபட ஒரு குளிர்காலம் முழுதும் போனது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள புல்மேட்டில் உரச் சாக்கில் உட்கார்ந்து சறுக்குவோமே, எப்படிப் போவோம்? பின்னுக்குச் சாய்ந்து, குதிகாலால் பிரேக் போட்டு. கொழுந்துக் கூடையோடு ஏழாம் நம்பர் மலையிறங்குகிற நம் அம்மாமாரும் அப்படித்தான். உடம்பு மலைப் பக்கம், கால் குறுக்கே, குதி முதலில். நடக்கப் பழகிய நாளிலிருந்து நம் உடம்பு படித்த பாடம் அது: பயமா, மலையைப் பார்த்துச் சாய்.

பலகையில் அப்படிச் சாய்ந்தால் தொலைந்தாய். பாரம் பின்காலுக்குப் போய்விடும், பலகையின் வால் பனியைக் கவ்விக்கொள்ளும், மூக்கு திரும்பாது. பாரத்தை முன்காலுக்கு, அதாவது பயம் காட்டுகிற பள்ளத்துப் பக்கமே, கொடுக்கவேண்டும். அப்போது மூக்கு தானாகக் கீழே தேடிப் போகும், வால் சுற்றிக்கொண்டு பின்னால் வரும். பலகை குறுக்கே வழுக்கும்போது பள்ளத்துப் பக்க விளிம்பு ஒரு நூல் பதிந்தாலும் போதும், முதுகிலோ முகத்திலோ அறைந்துவிடும்.

வாத்தியாராக, ஸ்னோபோர்ட் பயிற்றுநர் சங்கத்தில் நாலு நிலை உண்டு. முதல் நிலை மூன்று நாள் வகுப்பு. பாடம் ஐந்து படி: பலகையோடு பழகுவது, வழுக்குவது, கட்டுப்படுத்துவது, திரும்புவது, பிறகு ஓட்டமாகப் போவது. நடுவில் 'உதிர் இலை' என்றொரு பயிற்சி. ஒரே விளிம்பில் நின்று, மரத்திலிருந்து விழும் இலைமாதிரி இடமும் வலமுமாக ஆடி ஆடி இறங்குவது. குதி விளிம்பில் அது எனக்குக் கைவந்தது. விரல் விளிம்பில் நின்றால் பள்ளத்துக்கு முதுகைக் காட்டவேண்டும். அங்கே வயிறு கலங்கும்.

முதல் நிலை தேறி ஒரு சீசன் படிப்பித்தேன். டொரொண்டோவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், ஐம்பது தாண்டியவர், தொந்தி வேறு. "அண்ணே, மலைப் பக்கம் சாயாதீங்க, போற பக்கம் பாருங்க" என்று இரண்டு தரம்தான் சொன்னேன். மத்தியானத்துக்குள் எஸ் எழுத்துப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்! எனக்கு மூன்று கிழமை எடுத்தது. அவர் ஊரில் மலையே இல்லை, மறக்கவேண்டியதும் ஒன்றும் இல்லை.

இந்த மாசியில் இரண்டாம் நிலைக்குப் போய்ப் படிப்பித்தலில் கோட்டைவிட்டேன். கூடப் படித்த பையன் பின்காலில் உட்கார்ந்துகொண்டு இறங்கினான். என்ன திருத்துவாய் என்று கேட்டார்கள். "முழங்காலை மடக்கு, முன்னுக்கு வா" என்றேன். அது எனக்கும் ஆயிரம் தரம் சொல்லப்பட்டு ஒரு பிரயோசனமும் தராத பேச்சு. அந்தச் சரிவு அவனுக்குச் செங்குத்து, அவன் பயந்துபோயிருந்தான். தட்டையான இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கவேண்டும். கோளாறு காலில் இல்லை, நின்ற இடத்தில். அதே பயத்தில் ஒரு குளிர்காலம் கிடந்தவன் எனக்கே அது கண்ணில் படவில்லை, பார். பெயிலாக்கியவர்மேல் இரண்டு நாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. டிசம்பரில் மறுபடி போகிறேன்.

முந்தாநாள் பின்னேரம் அம்மாவோடு மலையிறங்கினேன். மழை விட்டு மண் வழுவழுத்திருந்தது. கயிறு நெற்றியில், கூடை முதுகில், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இறங்குகிறார். வெறுங்கால் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியே மண்ணைப் பிடிக்கிறது. நானோ பழக்கதோஷத்தில் பாரத்தை முன்காலுக்குக் கொடுத்தேன். தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போய் விழுந்தேன். அம்மா கூடையை இறக்காமலே கேட்டார்: "இதத்தான் அங்க படிச்சுக் குடுக்கிறியா?"

பள்ளிக்கூட லீவுக்கு ஒரு ஞாயிறு வா. உரச் சாக்கு ஒன்று கழுவிக் காயப்போட்டிருக்கிறோம். உன் முழங்காலுக்கு ஆகாது, மகளைக் கூட்டி வா.

அன்புடன்,
உன் பழைய சாக்குக் கூட்டாளி