பிங்க் ஃப்ளாய்ட் சோலோ ஆல்பங்களுக்கு ரேங்க் போடுற ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஃப்ளாய்ட் ரசிகர்களே,

வணக்கம். பாட்டு வரி எழுதின ரோஜர் வாட்டர்ஸ் ஆளுங்க, கிட்டார் வாசிச்ச டேவிட் கில்மர் ஆளுங்க, ஆரம்பத்துல பேண்ட நடத்தின சிட் பாரெட் போனதோட எல்லாமே முடிஞ்சு போச்சுன்னு சொல்றவங்க, எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். நானும் உங்கள்ல ஒருத்தன்தான். பதினெட்டு வருஷமா இந்த இங்கிலாந்து ராக் பேண்ட கேக்குறேன், நீங்க போடுற லிஸ்ட் ஒவ்வொண்ணையும் முழுசா படிக்கிறேன், அதுல இருந்து நான் கண்டுபிடிச்ச ஆல்பம் நெறைய. பேண்டோட டிரம்மர் நிக் மேசன் பேர்ல 1981ல வந்த 'ஃபிக்டிஷஸ் ஸ்போர்ட்ஸ்' உண்மையில கார்லா ப்ளே எழுதின பாட்டுங்க, பாடினது ராபர்ட் வையட்டுன்னு எனக்கு தெரிய வந்ததே உங்கள்ல ஒருத்தர் எழுதின ரெண்டு வரியாலதான். அந்த நன்றி எனக்கு இருக்கு.

ஆனா பேண்ட்ல கீபோர்டு வாசிச்ச ரிக் ரைட் விஷயத்துல ரொம்ப நாளா ஒண்ணு மனச அரிச்சுக்கிட்டே இருக்கு, அத சொல்லாம இருக்க முடியல.

யார் லிஸ்ட் போட்டாலும் முதல் இடம் ரோஜரோட 'அம்யூஸ்ட் டு டெத்', இல்லன்னா டேவிட்டோட 'ஆன் அன் ஐலண்ட்'. அடுத்த நிமிஷமே சண்டை ஆரம்பிச்சிடுது, ரோஜர் இல்லாம மத்தவங்களுக்கு பாட்டு எழுதவே தெரியாது, டேவிட் இல்லாம ரோஜருக்கு மெட்டே வராது, 1985ல யார் யார விட்டுட்டு போனா, பேர் யாருக்கு சொந்தம், கோர்ட்ல யார் சொன்னது சரி. இதுக்கு நடுவுல ஆல்பத்த பத்தி பேச்சு எங்க இருக்குன்னு தேடித்தான் பாக்கணும். விவாகரத்து கேஸ்ல சாட்சி கூப்பிடுற மாதிரி ஒவ்வொரு ஆல்பத்தையும் கூண்டுல ஏத்துறோம். ரிக் ரைட்டோட ஆல்பங்க ரெண்டு கட்சிக்குமே சாட்சி சொல்லாது, அதனால அது கடைசி வரிசைக்கு போயிடுது, பல லிஸ்ட்ல அந்த இடம் கூட இல்ல.

ரிக்க முதல் இடத்துல வைங்கன்னு நான் கேக்கல. என்னைக் கேட்டா முதல் இடம் 'அம்யூஸ்ட் டு டெத்'துக்குத்தான். 1992ல வந்த அந்த ஆல்பத்துல ஜெஃப் பெக்கோட கிட்டார் உள்ள வர்ற இடம் ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம், முதல் உலகப்போர்ல சண்ட போட்ட ஒரு வயசானவர் தன்னால காப்பாத்த முடியாம போன நண்பன பத்தி பேசுற குரலோட தொடங்கி கடைசில அதே குரல்லயே வந்து முடியுற அந்த அமைப்பு இருக்கே, அத கேட்டுட்டு உடனே எந்திரிச்சு வேற வேல பாக்க என்னால முடிஞ்சதே இல்ல. 2015ல ஜேம்ஸ் கத்ரி ரீமிக்ஸ் பண்ணி வந்தப்ப இன்னும் தெளிவா கேட்டுச்சு. அதனால இது ரோஜர் மேல உள்ள கோவத்துல எழுதுற கடிதம் இல்ல.

நான் கேக்குறது வேற. முழுசா கேட்டுட்டுதான் நம்பர் போடுறோமா?

1978ஐ எடுத்துக்கோங்க. 'அனிமல்ஸ்' டூர் முடிஞ்சு, பேண்டோட பணமெல்லாம் தப்பான முதலீட்டுல கரைஞ்சுக்கிட்டு இருந்த நேரம். டேவிட் ஃப்ரான்ஸ்ல நீஸ் பக்கத்துல இருக்குற சூப்பர் பேர் ஸ்டூடியோல தன்னோட முதல் சோலோ ஆல்பத்த பண்றார். கிட்டத்தட்ட அதே சமயத்துல அதே ஸ்டூடியோல ரிக் 'வெட் ட்ரீம்' பண்றார். டேவிட் ஆல்பம் இங்கிலாந்துல டாப் 20க்குள்ள போச்சு, அந்த வேலையோட கடைசில அவர் போட்டு வெச்ச ஒரு மெட்டுதான் பின்னாடி ஃப்ளாய்டோட 'கம்ஃபர்டப்ளி நம்ப்' பாட்டு ஆச்சு, அதனால அந்த ஆல்பத்துக்கு நம்ம சரித்திரத்துல ஒரு இடம் இருக்கு. 'வெட் ட்ரீம்' வந்ததே பல பேருக்கு தெரியல.

அதுல பத்து ட்ராக், ஆறுல பாட்டே கிடையாது, வெறும் இசை. ஸ்னோயி ஒயிட் கிட்டார், மெல் காலின்ஸ் சாக்ஸஃபோன். கடல், படகு, லீவு, நடுவுல உடைஞ்சுக்கிட்டு இருக்குற ஒரு கல்யாணம், அவ்வளவுதான் விஷயம். 'போர்', 'ஹோட்டல் லாபில போடுற ம்யூசிக்'னு எழுதுறீங்க. எனக்கு அது அப்படி கேக்கல. அந்த பியானோ சத்தமா எதையும் சொல்லாது, ஒரு கார்டுல (chord, சேத்து அமுக்குற சுரங்க) இருந்து அடுத்ததுக்கு போற வழியிலதான் அவரோட துக்கம் இருக்கு. ஃப்ளாய்டோட 'ப்ரீத்' பாட்டுல ஒரு கார்டு மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ'ல இருந்து தனக்கு வந்ததுன்னு ரிக்கே சொல்லியிருக்கார். ஜாஸ் கேட்டு வளந்த அந்த கைதான் 'வெட் ட்ரீம்' முழுக்க தனியா உக்காந்து வாசிக்குது. சரியில்லாத இடங்களும் இருக்கு, பாட்டு வரிங்க ரொம்ப சாதாரணம்தான், அவரே பின்னாடி ஒத்துக்கிட்டார். குறைய சொல்லுங்க, தப்பில்ல. ஆனா கேட்டுட்டு சொல்லுங்க. 2023ல, அவர் இருந்திருந்தா 80 வயசு ஆகியிருக்கும், அந்த வருஷம் ஸ்டீவன் வில்சன் பண்ணின ரீமிக்ஸோட மறுபடி வந்திருக்கு, கிடைக்கலன்னு இனிமே சொல்ல முடியாது.

'வெட் ட்ரீம்' முதல்ல வந்ததுக்கு அடுத்த வருஷம் நடந்தது உங்களுக்கு தெரிஞ்ச கததான். 1979, ஃப்ளாய்டோட 'தி வால்' ஆல்பம் வேலை, ரெக்கார்ட் கம்பெனி தேதி குறிச்சிடுச்சு, லீவுல கிரீஸ்ல பிள்ளைங்களோட இருந்த ரிக்க சீக்கிரம் வரச் சொன்னாங்க, அவர் வரல, அதோட பேண்ட விட்டு போகணும்னு ஆச்சு. அப்புறம் 'தி வால்' கச்சேரிங்கள்ல அவர் சம்பளத்துக்கு வாசிச்சார். அந்த டூர் நஷ்டமானதால அதுல லாபம் பாத்த ஒரே ஆள் ரிக்தான்னு நாம எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவோம். நானும் சொல்லியிருக்கேன். இப்ப அத சொல்ல எனக்கு மனசு வர மாட்டேங்குது. தானே ஆரம்பிச்ச பேண்ட்ல கூலிக்கு உக்காந்து வாசிச்ச மனுஷன் அவர். 'அஸ் அண்ட் தெம்' அவர் பியானோல இருந்து வந்த மெட்டு, டைரக்டர் மைக்கலாஞ்சலோ அன்டோனியோனி தன் படத்துக்கு வேணாம்னு ஒதுக்கினது, அதுதான் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்துல நாம உருகுற பாட்டு. 1975க்கு அப்புறம் 1994 வரைக்கும் ஃப்ளாய்டோட எந்த புது ஸ்டூடியோ ஆல்பத்துலயும் பாட்டு எழுதினவங்க பேர்ல அவர் பேர் இல்ல. 'வரிங்க ரோஜர், இசை டேவிட்'னு நாம ரெண்டா பிரிச்சு பேசுற பேச்சுல இந்த பத்தொன்பது வருஷத்துக்கு இடமே இல்ல.

நடுவுல 1984ல டேவ் ஹாரிஸோட சேந்து 'ஸீ'ங்கற பேர்ல ஒரு ஆல்பம் பண்ணார், 'ஐடென்டிட்டி'. அது எனக்கும் ஒட்டல. முழுக்க ஃபேர்லைட்ங்கற சிந்தசைசர் மெஷின் சத்தம், ரிக் எங்க இருக்கார்னு தேட வேண்டியிருக்கு, அவருக்கே அது பிடிக்கல. அத கடைசில வெச்சா நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்.

ஆனா 'ப்ரோக்கன் சைனா'. இதுக்காகத்தான் இந்த கடிதமே.

1996ல வந்தது. அவர் மனைவிக்கு டிப்ரஷன் வந்து, அத கூடவே இருந்து பாத்த ஒரு புருஷன் பண்ணின ஆல்பம் அது. பதினாறு ட்ராக், சின்ன வயசுல தொடங்கி, உள்ளுக்குள்ள ஒண்ணு உடையுறது, முழுகுறது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேல வர்றதுன்னு ஒரே கதையா போகுது. பாட்டு வரிங்க பெரும்பாலும் ஆண்டனி மூர் எழுதினது, ஃப்ளாய்டோட 1994 ஆல்பம் 'டிவிஷன் பெல்'ல ரிக் பாடின 'வேரிங் தி இன்சைட் அவுட்'டுக்கு எழுதினவர் அவர்தான். பேஸ் பினோ பல்லடினோ, டிரம்ஸ் மானு காட்ஷே. ரெண்டு பாட்ட அயர்லாந்து பாடகி ஷினேட் ஓ'கானர் பாடியிருக்காங்க, கத மேல ஏறி வர்ற இடத்துல ஒண்ணு, கடைசில ஒண்ணு.

எங்க அக்கா ரெண்டு வருஷம் அவங்க ரூம விட்டு சரியா வெளிய வரல. வீட்ல எல்லாரும் 'சோம்பேறித்தனம்', 'கல்யாணம் ஆனா சரியாயிடும்', 'கோயிலுக்கு போயிட்டு வா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் அவங்க ரூம் வாசல்ல உக்காந்துப்பேன். என்ன பேசுறதுன்னு தெரியாது, பேசினா தப்பாயிடுமோன்னு பயம், பேசாம போனா கைவிட்டுட்டோமோன்னு இன்னொரு பயம். அந்த வாசல்லதான் ஹெட்ஃபோன்ல முதல் தடவையா 'ப்ரோக்கன் சைனா'வ முழுசா கேட்டேன். எனக்கு புரிஞ்சது இதான், இந்த ஆல்பம் நோய் உள்ளவங்க இடத்துல நின்னு பேசப் பாக்குது, ஆனா வாசிக்கிற கை வாசல்ல நிக்கிறவன் கை. பாதி ட்ராக்ல பேச்சே இல்ல. என்ன சொல்றதுன்னு தெரியாத மனுஷன் கீபோர்டுல ஒரு கார்ட பிடிச்சுட்டு, அத விட மனசில்லாம அப்படியே வெச்சுக்கிட்டு இருக்கான். 'எதுவும் நடக்கல'ன்னு நீங்க குறை சொல்ற இடமெல்லாம் அதுதான். அந்த வாசல்ல எதுவும் நடக்காது. மணிக்கணக்கா எதுவும் நடக்காது.

அக்கா இப்ப நல்லா இருக்காங்க, மருந்தும் டாக்டரும்தான் காரணம், பாட்டு இல்ல. ஆனா அந்த ரெண்டு வருஷம் வாசல்ல உக்காந்தவனுக்கு துணைக்கு இருந்தது இந்த ஆல்பம்தான், அத 'ரிக்கோட சோலோ, ஸ்கிப் பண்ணலாம்'னு ஒரே வரில முடிச்சு வெச்சிருக்கிற லிஸ்ட பாக்குறப்ப எனக்கு வலிக்குது. அப்படி எழுதினவங்க மேல கோவம் இல்ல, வலிதான்.

டேவிட் ஆளுங்களுக்கு ஒரு வார்த்த. 'ஆன் அன் ஐலண்ட்' வந்தது 2006ல, டேவிட்டோட அறுபதாவது பொறந்தநாளுக்கு. அதுல ரிக்கும் வாசிச்சிருக்கார், அந்த டூர்லயும் கூட போனார். அந்த வருஷம் போலந்துல க்டான்ஸ்க் கப்பல் பட்டறைல நடந்த கச்சேரில ஃப்ளாய்டோட பழைய பாட்டு 'எக்கோஸ்' வாசிச்சாங்களே, கிட்டாரும் ஆர்கனும் ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்ற இடத்த திரும்ப பாருங்க. ரிக் இல்லாம இனி 'எக்கோஸ்' வாசிக்க மாட்டேன்னு டேவிட்டே சொல்லிட்டார், ஃப்ளாய்ட் முன்னாடி அத வாசிச்சு படம் புடிச்ச இத்தாலி பாம்பேய்க்கு 2016ல திரும்பி போனப்ப கூட வாசிக்கல. டேவிட்டோட 'ராட்டில் தட் லாக்' ஆல்பத்துல வர்ற 'எ போட் லைஸ் வெய்ட்டிங்' ரிக்க நெனச்சு பண்ணின பாட்டு. 2024ல வந்த 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' டைட்டில் பாட்டுல கேக்குற கீபோர்டு 2007ல டேவிட் வீட்டு கொட்டகைல ரிக் வாசிச்சது. டேவிட் அவர இவ்வளவு தேடுறப்ப, டேவிட்டோட ரசிகர்ங்க நாம தேட வேணாமா?

ரோஜர் ஆளுங்களுக்கும் ஒண்ணு. 1978ல ரோஜர் ரெண்டு டெமோ கொண்டு வந்தார், ஒண்ண பேண்ட் எடுத்துக்கிட்டு 'தி வால்' ஆக்கிச்சு, இன்னொண்ண அவரே 1984ல 'தி ப்ராஸ் அண்ட் கான்ஸ் ஆஃப் ஹிட்ச் ஹைக்கிங்'னு வெளியிட்டார், எரிக் கிளாப்டன் கிட்டார், விடியக்காலை நாலரைல இருந்து ஓடுற ஒரே கனவு. வரிங்க நல்லாத்தான் இருக்கு, கிளாப்டனும் நல்லாத்தான் வாசிக்கிறார். ஆனா 'விஷ் யூ வேர் ஹியர்' கேட்ட கையோட இத கேட்டா, ரோஜரோட குரலுக்கு அடில ஏதோ ஒண்ணு காணோம்னு தெரியும். அந்த காணாம போனதுக்கு ஒரு பேர் இருக்கு. அது மட்டும் தனியா எப்படி இருக்கும்னு கேக்கத்தான் ரிக்கோட ஆல்பங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி 'ப்ரோக்கன் சைனா'வ ஆரம்பத்துல இருந்து வரிசையா கேளுங்க, ஷஃபிள் வேணாம், கையில ஃபோன் வேணாம். ஷினேட் பாடுற 'ப்ரேக்த்ரூ'வோட அது முடியும். அப்புறம் அதே பாட்ட 2002ல லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல டேவிட்டோட கச்சேரில ரிக் தானே பாடினத போட்டு பாருங்க. ஷினேட் குரல்ல நோயில இருந்து மேல வந்த பொண்ணு பாடுறாங்க. ரிக் பாடுறப்ப, அந்த கதவு திறக்குற வரைக்கும் வெளிய உக்காந்திருந்தவர் பாடுறார், சன்னமா, கொஞ்சம் தயங்கி. 2008 செப்டம்பர் 15 அன்னைக்கு அவர் போயிட்டார், ஷினேடும் 2023ல போயிட்டாங்க.

ரெண்டையும் கேட்டுட்டு நம்பர் போடுங்க. அது கடைசி நம்பராவே இருந்தாலும் எனக்கு சம்மதம், ஏன் கடைசின்னு ரெண்டு வரி எழுதுங்க, கண்டிப்பா படிப்பேன்.

அன்புடன்,
உங்கள்ல ஒருத்தன்