கோயில் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லெந்து என்கிற தவக்கால நாட்களில் மதுரைச் சபைகளில் நடக்கிற கூட்டங்கள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். எந்தச் சபையில் எத்தனை நாள் உபவாசக் கூட்டம், யார் தேவசெய்தி, எங்கே பாடகர் குழு என்று எல்லாம் இருந்தது. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள், அந்த 40 நாளுக்கும் நிகழ்ச்சி போட்டாகிவிட்டது. சந்தோஷம். ஆனால் ஆண்டவரோடு தனியாக ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்று ஏங்குகிற ஒருத்தி எங்கே போவாள்?

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைதான். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவள், பெண்கள் ஐக்கியத்தில் கணக்கு எழுதியவள். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. சபையார் குறை வைக்கவில்லை, சாப்பாடு கொண்டுவந்தார்கள், ஜெபித்தார்கள். அப்புறம் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள், அது இயல்பு. எனக்குத்தான் உள்ளே வறண்டு போயிற்று. ஜெபிக்க உட்கார்ந்தால் ஜெபக்குறிப்புதான் வாயில் வருகிறது. மகனுக்கு வேலை, பேத்திக்குக் காய்ச்சல், எதிர் வீட்டு அம்மாவின் ஆபரேஷன், பட்டியல் முடிந்ததும் ஆமென். ரேஷன் கடையில் சீட்டை நீட்டிச் சாமான் வாங்கிக்கொண்டு வருகிற மாதிரிதான். கடைக்காரரோடு யாராவது உறவு கொண்டாடுவார்களா?

இதை ஒருவரிடம் சொன்னேன். விசுவாசம் குறைந்திருக்கும் சிஸ்டர், வருஷப் பிறப்பில் எடுத்த, பைபிள் வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள் என்றார். அட்டை பீரோ கண்ணாடியில் ஒட்டித்தான் இருக்கிறது. அன்னை தெரசா கொல்கத்தாவில் ஏறக்குறைய 50 வருஷம் உள்ளத்தில் இருட்டோடுதான் இருந்தார் என்பது அவருடைய கடிதங்கள் 2007இல் வெளிவந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அவருக்கும் விசுவாசம் குறைவு என்று சொல்லிவிடலாமா?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் கோயிலுக்குப் போனேன். கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் நல்ல மனுஷர், என்ன விஷயமாக வந்தீர்கள் அம்மா, கல்யாண ஓலையா, கல்லறைச் சீட்டா என்று கேட்டார். ஜெபம் பண்ண வந்தேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழம வாங்கம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்குத் திரும்ப மனசில்லாமல் பஸ் ஏறிக் கீழவாசலில் இறங்கி, கீழவெளி வீதியில் இருக்கிற கத்தோலிக்கரின் புனித மரியன்னை ஆலயத்துக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. என்னைப் போல் வளர்ந்தவர்களுக்குச் சொரூபங்களுக்கு முன்னால் கொஞ்சம் கூச்சம் இருக்கும், அதனால் கடைசி பெஞ்சில், தூண் ஓரமாக உட்கார்ந்தேன். காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் வந்து முழங்கால் போட்டு, ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார். ஜவுளிக்கடைச் சீருடையில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள், வாய் அசையவே இல்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பெரிய அனுபவம் ஒன்றும் கிடைத்துவிடவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பட்டியல் வரவில்லை. அடுத்த வாரமும் போனேன்.

மான் நீரோடையை வாஞ்சித்துக் கதறுகிற, பைபிளின் 42ஆம் சங்கீதம் நமக்கெல்லாம் மனப்பாடம், முதல் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் குறை. நாலாம் வசனத்தில் அதைப் பாடுகிற மனுஷன், பண்டிகைக் கூட்டத்தோடு கூட்டமாக ஆலயத்துக்குப் போன நாட்களை நினைத்து உருகுகிறான். கூட்டத்தை விட்டுத் தூரமாகிவிட்டதில் அவனுக்குத் தாகம். நமக்குக் கூட்டத்தின் நடுவில் நிற்கும்போதே தாகம், கீபோர்டு சத்தத்தில் அது தெரிவதில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தச் சங்கீதத்தின் தலைப்பில் கோராகின் புத்திரர் என்று இருக்கிறது. யார் இவர்கள் என்று தேடினால், 1 நாளாகமம் 9ஆம் அதிகாரத்தில் கோராகின் வம்சத்தார் வாசல் காவலர். ஆலயத்தைச் சுற்றி ராத்தங்கி, காலையில் கதவைத் திறந்துவிடுவது வாசல் காவலர் பொறுப்பு என்று அதே அதிகாரம் சொல்கிறது. இத்தனை ஏங்கி அழுத பாட்டு வாட்ச்மேன்களின் வீட்டுப் பாட்டாக இருக்கிறது பாருங்கள்.

உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்று ஆண்டவரே சொன்னாரே, கோயில் எதற்கு என்று கேட்பீர்கள். லைன் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழுகிறவர்களுக்கு அறைவீடு எது? என் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது, இரண்டிலும் டிவி ஓடுகிறது.

பூட்டி வைப்பதற்கும் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. மைக் செட்டு, காணிக்கைப் பெட்டி, தெரு நாய் எல்லாம் யோசிக்க வேண்டும். அதற்காக நாள் முழுக்கத் திறக்கச் சொல்லவில்லை. சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை, மைக் இல்லாமல், பிரசங்கம் இல்லாமல், கீபோர்டு இல்லாமல், இரண்டு ஃபேன் மட்டும் ஓடட்டும். ஒவ்வொரு சபையிலும் என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள், முறை வைத்து வாசலில் உட்காரலாம். கமிட்டியில் இதைப் பேசினால் அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்பார்கள் என்று தெரிந்துதான் பத்திரிகைக்கு எழுதுகிறேன், என் சபையார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செவ்வாயும் வெள்ளியும் நான் வருகிறேன். வாசலுக்கு நாற்காலிகூட நானே கொண்டுவந்துவிடுவேன், சாவி மட்டும் கொடுத்தால் போதும்.

ஓய்வு பெற்ற நர்ஸ்,
எல்லீஸ் நகர், மதுரை.
(பெயர் வெளியிட வேண்டாம்)